ஹெலிக்குக் கீழே தொங்குவது என்ன?

டென்மார்க்கில் யூலன்ட் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆட்களிடமிருந்து எனக்கு அவ்வப்போது ஒரே மாதிரியான படம் வரும். சாம்பல் வானம், அதில் சின்னதாக ஒரு ஹெலிகொப்டர், அதற்குக் கீழே கயிற்றில் ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். "அண்ணை, இது என்ன? பொலிஸா, ஆமியா?" என்று கூடவே ஒரு கேள்வி. ஒருமுறை விசாரித்துச் சொல்லப்போய், இப்போது ஹெலி என்றாலே என்னைக் கேட்பது என்று ஆகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட, தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு வானத்தில் வருவதை அடையாளம் காண்பது பொழுதுபோக்கு இல்லை. ஹெலி, பொம்பர், சகடை, கிபிர், பிறகு வண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. கண்ணில் படமுதலே, சத்தத்தை வைத்து எது வருகிறது, எந்தப் பக்கத்தால் வருகிறது, பங்கருக்குள் ஓட நேரம் இருக்கிறதா என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லும். ஹெலி பதிந்து வந்தால் வெளியில் நிற்கக்கூடாது. அந்தக் காது இங்கே வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கிறது. மர உயரத்தில் ஒரு ஹெலி போய்ப்போய்த் திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் கோப்பிக் கப்போடு வெளியே வந்து கையசைப்பார். எங்கள் அம்மாமார் யன்னல் திரையை இழுத்து மூடுவார்கள்.

நான் சாமான் வான் ஓடுகிறவன். ஹேர்னிங்குக்கும் மேற்குக் கரைக்கும் இடையில் உள்ள பண்ணை வீதிகள் எல்லாம் தண்ணிப்பாடம். அப்படி ஒரு வீதியில்தான் இந்தச் சாமானை முதலில் கிட்டத்தில் பார்த்தேன். பார்லி வயலுக்கு மேலே ஹெலி வந்தது. அதன் வயிற்றிலிருந்து நீளமான கயிறு இறங்கி, நுனியில் கூரை போடாத பந்தல் சட்டம் மாதிரி ஒரு பெரிய அறுகோணம் கிடையாகத் தொங்கியது. ஒரு பண்ணை வீட்டை அதற்குள் வைக்கலாம், அவ்வளவு அகலம். அதன் பின்பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன அமைப்பு, சட்டத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில், தனியாக எழும்பி நின்றது. வீதியோரத்து மின்கம்பி கிட்ட வந்ததும் ஹெலி மொத்தமாக மேலே எழும்பி, கம்பியைக் கடந்து, மறுபடி இறங்கியது. போனது போய்விட்டது என்று நினைத்தால், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையில், முதல் வந்த பாதைக்கு ஒரு இருநூறு மீற்றர் தள்ளி, அதே உயரத்தில் திரும்பி வந்தது.

வேலியடியில் நின்ற பண்ணைக்காரரிடம் கேட்டேன். அவர் நிலத்தைக் காட்டி, "தண்ணீர் பார்க்கிறார்கள்" என்றார். வானத்திலிருந்து நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கியதுதான், இப்போது இதைப்பற்றி நிறுத்தாமல் கதைக்கிற ஆளாகிவிட்டேன் என்று மனிசி சொல்கிறா.

விசயம் இதுதான். டென்மார்க்கில் குழாயில் வரும் குடிதண்ணீர் ஏறக்குறைய முழுவதும் நிலத்தடி நீர். காற்றூட்டி, மணல் வடிகட்டி ஊடாக விட்டு அப்படியே தருகிறார்கள். நிலத்தடி நீர் பழுதானால் மாற்று வழி பெரிதாக இல்லை. அதனால் 1999 முதல் 2015 வரை நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 40 வீதத்தை, நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வரைபடமாக்கினார்கள். அதற்கான காசு குடிதண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்துப் பொதுமக்களிடமிருந்துதான் அறவிடப்பட்டது. அந்தப் பெரிய திட்டம் முடிந்தாலும் இப்படியான அளவைகள் இன்னும் நடக்கின்றன. இந்த வேலைக்காகவே ஓகூஸ் பல்கலைக்கழகத்துப் புவிபௌதிகக்காரர்கள் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கியதுதான் நான் பார்த்த அறுகோணம். ஸ்கைடெம் என்று பெயர்.

அந்தச் சட்டம் உலோகம் அல்ல. அதைச் சுற்றி மின்கம்பி ஓடுகிறது. அதற்குள் பலமான மின்னோட்டத்தை, ஆழமாகப் பார்க்கும் அளவீட்டின்போது 100 அம்பியர் அளவில், செலுத்திவிட்டுச் சடாரென்று நிறுத்துகிறார்கள். நிறுத்திய கணத்தில் நிலத்துக்குள் சின்னச் சின்ன மின்னோட்டங்கள் தூண்டப்பட்டு, ஆழத்துக்குப் பரவிக்கொண்டே அடங்கிப்போகும். பின்பக்கத்தில் எழும்பி நின்றதே, அதுதான் வாங்கிச் சுருள். சட்டத்தின் சொந்தக் காந்தப்புலம் மிகக் குறைவாகப் படுகிற இடம் பார்த்து அதைப் பொருத்தியிருக்கிறார்கள். நிலத்துக்குள் மின்னோட்டம் அடங்குவதை மைக்ரோசெக்கன் கணக்கில் அது கேட்டுக்கொண்டிருக்கும். மணலும் சரளையும் என்றால் கெதியில் அடங்கும். களி என்றால் மெதுவாக. உப்புத்தண்ணீர் என்றால் இன்னும் மெதுவாக. இப்படி 200, 300 மீற்றர் ஆழம் வரை பார்க்கலாம்.

களியை ஏன் தேடவேண்டும் என்றால், பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று கீழே இறங்காமல் தடுப்பது தடித்த களிப்படைதான். களி மெல்லிசாக இருக்கும் இடத்தில் கிணறு இருந்தால் அந்த வயலில் கட்டுப்பாடு போடவேண்டிவரும். பனியுகத்துப் பனிப்பாளங்கள் குடைந்து, பிறகு மணலும் களியும் நிரம்பி மூடுண்ட பள்ளத்தாக்குகளும் இப்படித்தான் அகப்பட்டன. மேலே தட்டையான வயல். அதற்குக் கீழே ஒரு முழுப் பள்ளத்தாக்கு தாண்டுகிடக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் வான் ஓடிப்போகிற வீதி ஒன்று அப்படி ஒரு பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தபோது கொஞ்ச நேரம் நம்பவே இல்லை.

சரி, இனி அடையாளம் காணும் விசயத்துக்கு வருவோம். படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஹெலியைப் பற்றி அல்ல. எப்படிப் பறந்தது என்றுதான் கேட்பேன். சமாந்தரக் கோடுகளாக, தோட்டத்தில் வரம்பு கட்டுவதுபோல் ஒரே இடைவெளியில் போய்வந்தால், அது ஒரு பரப்பை அளக்கிறது. மின்கம்பி வரிசை ஒன்றை ஒட்டிப் போய் ஒவ்வொரு கோபுரத்திலும் தாமதித்தால், அது கம்பி சோதிக்கிறது. வெட்டவெளியில் ஒரு கோடாக, நிலத்தில் நட்ட எரிவாயுக் குறிகம்பங்களைப் பின்பற்றிப் போனால், குழாய்வழியில் கசிவு பார்க்கலாம். ஒரே இடத்தை வட்டமிட்டால்தான் பொலிஸ், தேடுதல், மீட்பு என்ற பக்கம் யோசிக்க வேண்டும். பாதையை வைத்தே பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும். மிச்சத்துக்குத்தான் உருவம்.

கீழே தொங்குவது பெரிய வளையமோ அறுகோணமோ என்றால் மேலே சொன்ன மின்காந்த அளவைதான். தண்ணீருக்கும் செய்வார்கள், கனியத்துக்கும் செய்வார்கள். கனடாக்காரர்களின் வீடெம் அமைப்பு இன்னும் பெரிய வட்டம், விட்டம் சுமார் 26 மீற்றர். ஆழத்தில் இருக்கும் தாதுவைத் தேடுகிறவர்களுக்கு அப்படிப் பெரிதாக வேண்டியிருக்கிறது.

வளையம் இல்லாமல், இரண்டு பக்கமும் கூரான, பத்து மீற்றர் அளவு நீளக் குழாய் ஒன்று கிடையாகத் தொங்கினால், அதுவும் மின்காந்த அளவைதான், வேறு முறை. பல அதிர்வெண்களில் அலையைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். ஆழம் குறைவு, மேற்படை தெளிவாகத் தெரியும். எல்லை தாண்டினால் ஜெர்மனியில் இதைக் காணலாம். ஹனோவரில் இருக்கும் அவர்களுடைய அரச புவியியல் நிறுவனம் சிக்கோர்ஸ்கி எஸ்-76 ஒன்றில் இதைக் கட்டி வட கடல் கரையோரம் எங்கும் பறந்திருக்கிறது. உப்புத்தண்ணீர் உள்ளே எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க. இதே வகையில் சின்னதாக ஒன்றை, மூன்றரை மீற்றர் அளவில், ஆர்க்டிக் கடற்பனியின் தடிப்பு அளக்கவும் பாவிக்கிறார்கள்.

மூக்கிலிருந்து ஈட்டி மாதிரி ஒரு தடி நேராக முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அதன் நுனியில் இருப்பது காந்தமானி. ஹெலியின் இரும்பு குழப்பாமல் இருக்கத்தான் அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களைக் கலங்கடிப்பது இதுதான், துவக்குக் குழல் என்று. குழல் அப்படி நீளமாக, தனியாக, மூக்கின் நடுவில் இருக்காது. முன்னுக்கும் பக்கவாட்டிலும் நீளமான தடிகள் பூட்டி, நிலத்துக்கு மேலே ஒன்று முதல் மூன்று மீற்றர் உயரத்தில் ஊர்ந்தால், அது வெடிக்காத குண்டு தேடுகிறது. அமெரிக்காவின் பழைய குண்டுவீச்சுப் பயிற்சி நிலங்களை இப்படி அளந்திருக்கிறார்கள். வன்னிக்காரன் ஒருவனுக்கு இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று நான் விளக்கத் தேவையில்லை.

வெளியில் ஒன்றுமே தொங்கவில்லை, ஆனால் பதிந்து வரிசை வரிசையாகப் பறக்கிறது என்றால், உள்ளே அல்லது பக்கத்தில் பூட்டிய பெட்டியில் கதிர்வீச்சு அளக்கும் பளிங்குகள் இருக்கலாம். அமெரிக்காவில் ஜனாதிபதி பதவியேற்புக்கு முன்னால் வாஷிங்டனுக்கு மேலே ஹெலி ஒன்று சுமார் 45 மீற்றர் உயரத்தில் இப்படிப் பறக்கும். இயற்கையாக எங்கெங்கு எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று முன்கூட்டியே பதிந்துவைப்பதற்கு. முன்கூட்டி அறிவித்துத்தான் செய்வார்கள், அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் அங்கே கதை கிளம்பும். உருண்டையாக, திரும்பக்கூடிய பந்து ஒன்று மூக்குக்குக் கீழே இருந்தால் கமரா. சதுரப் பெட்டி ஒன்று கீழ்நோக்கிப் பூட்டியிருந்தால் பெரும்பாலும் லேசர் கொண்டு நிலத்தின் மேடுபள்ளத்தை அளப்பது. நீளத் தடியின் அடியில் வட்ட வாள்கள் அடுக்கடுக்காகச் சுற்றினால் அது அளவைக் கருவியே இல்லை, மின்கம்பி ஓரத்து மரக்கிளை வெட்டுகிற வாள்! சுவீடன், நோர்வே பக்கத்திலிருந்து இந்த வீடியோ வந்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

படம் எடுப்பதில் ஒரு விசயம். ஹெலி தலைக்கு மேலே வரும்போது எடுக்கிற படம் பெரும்பாலும் கறுப்பு உருவம்தான். கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் போகும்போது எடுங்கள். தொங்குவதன் நீளம், கயிற்றின் நீளம், வால் பக்கத்து எழுத்து எல்லாம் தெரியும். படத்தைவிட வீடியோ நல்லது. சட்டம் ஆடுகிறதா, மட்டமாகவே நிற்கிறதா, ஹெலி எந்த வேகத்தில் போகிறது என்று விளங்கும். வால் எழுத்து ஓவை (OY) என்று தொடங்கினால் டென்மார்க் பதிவு, டி என்றால் ஜெர்மனி, எஸ்ஈ என்றால் சுவீடன், எல்என் என்றால் நோர்வே. வெளிநாட்டுப் பதிவைக் கண்டு மிரளவேண்டாம். அளவைக் கம்பனிகள் ஹெலியை எங்கிருந்தும் வாடகைக்கு எடுப்பார்கள். கைத்தொலைபேசியில் விமானத் தடம் காட்டும் செயலி இருந்தால் கோடுகளை அதிலேயே பார்க்கலாம். ஆனால் இவ்வளவு பதிந்து பறக்கும்போது சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் பிடிபடும். செயலியில் காணவில்லை என்பதற்காக அது இரகசிய ஹெலி ஆகிவிடாது.

கிட்டப் போவதில் கவனம் வேண்டும். சட்டம் நிலத்திலிருந்து 30 மீற்றர் அளவில்தான் வரும். அவர்கள் வீடுகளுக்கு மேலாகப் பறக்கமாட்டார்கள். பெருந்தெரு வந்தாலும் தவிர்ப்பார்கள் அல்லது உயர்ந்து போவார்கள். குதிரை வைத்திருப்பவர்கள்தான் உண்மையில் பயப்படவேண்டும். குதிரை வேலியை உடைத்துக்கொண்டு ஓடும், அன்றைக்கு அதன்மேல் ஏறவே கூடாது. ட்ரோன் வைத்திருக்கும் பெடியள் அதைக் கிட்டக் கொண்டுபோய்ப் படமெடுக்க நினைக்கவே வேண்டாம். கயிறும் சட்டமுமாகப் போகிற ஹெலிக்குச் சடுதியாக விலக இடமில்லை. "அந்த வளையத்தால் உடம்புக்கு ஏதும் செய்யுமா?" என்றும் கேட்கிறார்கள். காந்தப்புலம் தூரத்தோடு மளமளவென்று குறைந்துவிடும், அதுவும் தலைக்கு மேலே சில செக்கன்தான். அது கமராவும் இல்லை, உங்கள் வளவில் யார் நிற்கிறார்கள் என்பது அந்தச் சுருளுக்குத் தெரியாது. உண்மையில் மனிதர் வாழும் இடம் என்றாலே அதற்குத் தலையிடி. மின்கம்பி, நிலத்தடிக் கேபிள், கம்பிவேலி எல்லாம் அளவீட்டைக் குழப்பும். மின்கம்பிக்கு இரண்டு பக்கமும் நூறு மீற்றருக்குக் கூடுதலான தூரம் வரை கிடைத்த தரவை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். முடிந்த வரைபடத்தில் பார்த்தால் வீதியும் ஊரும் இருக்கும் இடமெல்லாம் வெள்ளையாக விடுபட்டிருக்கும்.

அந்தத் தரவை யாரும் பார்க்கலாம் என்பது எனக்குப் பிடித்த விசயம். டென்மார்க், கிரீன்லாந்து புவியியல் ஆய்வகத்தின் கெர்டா என்ற தரவுத்தளத்தில் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஊரைத் தேடி, எந்தக் கோட்டில் பறந்தார்கள் என்றுகூடப் பார்க்கலாம்.

எங்கள் ஆட்களுக்கு நான் சொல்கிற முக்கியமான வேலை வேறு. பறக்கமுதல் அறிவித்தல் வரும், ஆனால் அது டேனிஷ் மொழியில், அரச கடிதங்கள் இணையத்தில் வரும் டிஜிட்டல் போஸ்டில் அல்லது உள்ளூர்ப் பத்திரிகையின் ஒரு மூலையில் வரும். எழுபது வயது அம்மாவோ அப்பாவோ டிஜிட்டல் போஸ்டைத் திறந்து பார்ப்பார்களா? பிள்ளைகள்தான் பார்க்கவேண்டும். கண்டால் ஒரு நாள் முதலே, "நாளைக்கு ஹெலி பதிந்து வரும், தண்ணீர் பார்க்கிற ஹெலி" என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள். பிறாண்டா அபிராமி அம்மன் கோவிலில் ஒருமுறை பூசை முடிந்து நின்ற இடத்தில் நான் இதைச் சொன்னேன். ஒரு அம்மா, "இதை முதலே ஆரும் சொல்லியிருந்தால் அன்றைக்குக் கட்டிலுக்குக் கீழே போயிருக்கமாட்டேனே" என்றா. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவவும் சிரித்தா.

அப்புறம், இன்னொரு கேள்வி எப்போதும் வரும்: இதை ஊரில் செய்யலாமா? இந்தியாவில் செய்திருக்கிறார்கள். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய புவிபௌதிக ஆராய்ச்சி நிறுவனம் இதே ஸ்கைடெம்மை வைத்து ராஜஸ்தான், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம் என்று வேறு வேறு வகை நிலங்களில் பரீட்சார்த்தமாகப் பறந்தது. தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கமும் அதில் ஒன்று. 2021இல் ராஜஸ்தான், குஜராத், ஹரியானா வறண்ட பகுதிகளில் பெரிய அளவில் தொடங்கினார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த முறை கொள்கை அளவில் நன்றாகப் பொருந்தும். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிற நன்னீர். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த எல்லைதான் மின்காந்த முறையில் மிகத் தெளிவாகத் தெரிகிற எல்லை. ஆனால் வலிகாமத்தில் வீடு இல்லாத, மின்கம்பி இல்லாத, தகரவேலி இல்லாத ஒரு கிலோமீற்றர் நேர்கோடு எங்கே இருக்கிறது? ஹெலி சரிவராது. ஓகூஸ்காரர்களிடமே இதற்கு இன்னொரு சாமான் இருக்கிறது. நான்கு சக்கர மோட்டார் வண்டிக்குப் பின்னால் இரண்டு மீற்றருக்கு நான்கு மீற்றர் சட்டம் ஒன்றைச் சறுக்கு மட்டையில் இழுத்துக்கொண்டு போவது. வாங்கிச் சுருள் ஒன்பது மீற்றர் பின்னால் வரும். 70 மீற்றர் ஆழம் வரை பார்க்கலாம், யாழ்ப்பாணத்துக்கு அது காணும். அதுவும் வேலிக்கும் கம்பிக்கும் தள்ளித்தான் போகவேண்டும், என்றாலும் வெங்காயம் கிண்டி முடித்து வெறுமையாகக் கிடக்கும் செம்மண் தோட்டங்களில் ஓடலாம்.

உரும்பிராயில் இருக்கும் என் மச்சானுக்கு இதைச் சொன்னேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட கிணத்தில யூரியா எவ்வளவு இறங்கியிருக்கெண்டு அது சொல்லுமோ?" என்றார். சொல்லாது. களி எங்கே, மணல் எங்கே, உப்பு எங்கே என்று மட்டும்தான் அது சொல்லும். நைத்திரேற்றுக்குக் கிணற்றிலிருந்து போத்தலில் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுக்கவேண்டும். அதை அடுத்த கிழமையே செய்யலாம் என்றேன்.